பாதியில் நிறுத்த வேண்டிய பாட்டு

முட்டுக்காட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி மத்திய அரசின் தேசிய நிறுவனம் ஒன்று 2005 முதல் இயங்கிவருகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகளோடு வாழ்பவர்களுக்கான நிறுவனம் அது; சுருக்கப் பெயர் நிப்மெட். காது கேளாமையோடு பார்வைக் குறைவும் உள்ளவர்கள், மூளை வாதத்தோடு பேச்சும் தடைப்பட்டவர்கள் என்று எளிதில் ஒரு பிரிவுக்குள் அடங்காதவர்கள் இங்கே வருகிறார்கள். 2021 ஜூனில் நாடெங்கும் 14 இடங்களில் பிறந்தது முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கு ஆரம்பநிலை இடையீட்டு மையங்களை மத்திய அரசு தொடங்கியபோது, அவற்றில் ஒன்று இங்கே அமைந்தது.

இப்படிப்பட்ட மையங்களில், வயதாகியும் பேச்சு வராத ஒரு குழந்தையிடம் பயிற்சியாளர் எதை வைத்துத் தொடங்குகிறார்? அட்டையில் ஒட்டிய படங்களை வைத்து அல்ல, அ ஆ வைத்தும் அல்ல. குழந்தைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து பாடுகிறார், கை தட்டுகிறார், கிச்சுகிச்சு மூட்டுகிறார். வீட்டில் பாட்டி செய்வதைத்தான் அவரும் செய்கிறார். ஆனால் நாலைந்து முறை பாடி, குழந்தைக்குப் பழகிப்போன பாட்டை, அடுத்த முறை வேண்டுமென்றே பாதியில் நிறுத்திவிடுவார். கை அந்தரத்தில் நிற்கும், முகம் குழந்தையைப் பார்த்தபடி இருக்கும், வாய் திறக்காது. குழந்தை ஒரு பார்வை பார்க்கும், காலை உதைக்கும், ‘ம்’ என்று ஒரு சத்தம் கொடுக்கும். அது கிடைத்த உடனே பாட்டு தொடரும்.

கைக்குழந்தைகள் மொழி கற்கும் விதம் பற்றிக் கடந்த ஐம்பது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளைப் படித்தால், இந்தச் சின்ன நிறுத்தத்துக்கு இருக்கும் பெறுமதி புரியும். பாட்டு குழந்தையின் காதை மொழிக்குத் தயார்ப்படுத்துகிறது. பாட்டில் விழும் இடைவெளியோ குழந்தையைப் பேச்சுக்குள் இழுக்கிறது. முதல் பாதியை எந்தக் கைபேசியும் ஓரளவு செய்துவிடும். இரண்டாம் பாதிக்கு ஆள் வேண்டும்.

எழுத்துக்கு முன் தாளம்

கருவில் இருக்கும் சிசுவுக்கு ஏறத்தாழ ஆறாம் மாதத்திலிருந்து காது வேலை செய்யத் தொடங்குகிறது. தாயின் உடலையும் பனிக்குட நீரையும் கடந்து உள்ளே போகும் ஒலியில் கூர்மையான பகுதிகள் வடிந்துவிடுகின்றன. பக்கத்து வீட்டில் ஓடும் டிவியைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்பது போல, சொல் விளங்காது, ஏற்ற இறக்கமும் தாளமும் மட்டும் கேட்கும். ஆக, குழந்தை மொழியை முதலில் சந்திப்பது அதன் இசை வழியாகத்தான்.

அமெரிக்க உளவியலாளர் ஆந்தனி டிகாஸ்பர் 1980இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்களின் வாயில் ரப்பர் காம்பு ஒன்றை வைத்தார். ஒரு விதமாகச் சப்பினால் தாயின் குரல், வேறு விதமாகச் சப்பினால் இன்னொரு பெண்ணின் குரல். சிசுக்கள் தாயின் குரலை வரவழைக்கும் விதத்தில் சப்பக் கற்றுக்கொண்டன. 2009இல் ஜெர்மனியின் காத்லீன் வெர்ம்கே குழுவினர் பிரெஞ்சு, ஜெர்மன் குடும்பங்களில் பிறந்த 60 சிசுக்களின் அழுகையைப் பதிவு செய்து ஒப்பிட்டார்கள். பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை பெரும்பாலும் தாழ்ந்து தொடங்கி ஏறியது. ஜெர்மன் குழந்தைகளின் அழுகை உயர்ந்து தொடங்கி இறங்கியது. இரண்டுமே அந்தந்த மொழிப் பேச்சின் போக்கு. பிறந்து ஐந்து நாளுக்குள் அழுகையிலேயே தாய்மொழியின் சாயல் ஏறிவிட்டது.

தாளம் எவ்வளவு முந்தி வருகிறது என்பதை 2023இல் கேம்பிரிட்ஜ், டப்ளின் ஆய்வாளர்கள் வேறு வழியில் காட்டினார்கள். உஷா கோஸ்வாமியும் ஜொவானி டி லிபெர்ட்டோவும் இடம்பெற்ற அந்தக் குழு, 50 குழந்தைகளின் மூளை மின்னலைகளை நான்கு, ஏழு, பதினோரு மாதங்களில் பதிவு செய்தது. கேட்க வைத்தது ஓர் ஆசிரியை பாடிய 18 குழந்தைப் பாடல்களை. ஓடும் பேச்சில் தனித்தனி எழுத்தொலிகளை மூளை நம்பகமாகப் பிரித்தறிவது ஏழு மாத வாக்கில்தான் தொடங்குகிறது என்றும், பதினோரு மாதத்திலும் அந்த வேலை முடிந்தபாடில்லை என்றும் தெரிந்தது. அதுவரை குழந்தை பற்றிக்கொண்டிருப்பது தாளத்தை. எங்கே அழுத்தம் விழுகிறது, எங்கே நீள்கிறது, எங்கே அடங்குகிறது என்பதை வைத்துத்தான் ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதை ஊகிக்கிறது.

ஒட்டிக்கிடக்கும் சொற்கள்

எழுதும்போது நாம் சொல்லுக்குச் சொல் இடம் விடுகிறோம். பேசும்போது விடுவதில்லை. ‘பாப்பாவுக்குப்பால்வேணுமாதூக்கம்வருதா’ என்றுதான் குழந்தையின் காதில் விழுகிறது. இதில் ‘பால்’ என்று ஒன்று தனியே இருப்பதை எட்டு மாதக் குழந்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

1996இல் ஜெனி சஃப்ரானும் அவருடைய சகாக்களும் கொடுத்த விடை அறிவியல் உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. பொருளே இல்லாத நான்கு மூவசைச் சொற்களை உருவாக்கி, இடைவெளி, ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாமல் கலந்து இரண்டு நிமிடம் ஓடவிட்டார்கள். இரண்டே நிமிடத்தில், எந்த அசைக்குப் பின் எந்த அசை வழக்கமாக வருகிறது என்ற கணக்கைக் குழந்தைகள் போட்டுவிட்டன. ஒன்றாகவே வரும் அசைகள் ஒரு சொல். சேர்க்கை மாறும் இடம் சொல்லின் எல்லை. யாரும் சொல்லித்தராமல் மூளை செய்யும் கணக்கு இது.

பாட்டு இந்தக் கணக்கை எளிதாக்குகிறது. ஒரே சொல் மறுபடி மறுபடி வருகிறது, உயிரெழுத்து நீள்கிறது, அழுத்தம் எதிர்பார்த்த இடத்தில் விழுகிறது. தமிழில் இன்னொரு வசதியும் உண்டு. நம் குழந்தைப் பாடல்களில் எதுகையும் மோனையும் அடியின் தொடக்கத்திலேயே ஒலி ஒற்றுமையைப் பதிக்கின்றன. இயைபு அடியின் கடைசியில் பதிக்கிறது. முன்னும் பின்னும் ஆணி அடித்துவிட்டு நடுவில் மட்டும் சொல் மாறுவதால், மாறியது எது, மாறாதது எது என்று குழந்தைக்குப் பளிச்சென்று தெரிகிறது. வினைச்சொல்லுக்குப் பின்னால் ‘பாப்பா’ போன்ற ஒரே விளி அடிதோறும் வருவதும் இந்த வேலையைத்தான் செய்கிறது.

ஒலிகளைத் தேர்ந்தெடுப்பதும் இதே மாதங்களில் நடக்கிறது. கத்தி–கட்டி, பத்து–பட்டு என்ற சோடிகளில் த, ட இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நமக்கு வெட்டவெளிச்சம். ஆங்கிலம் மட்டுமே அறிந்த பெரியவருக்கு அது கேட்பதே கடினம். கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் இந்தியில் உள்ள இதே த, ட வேறுபாட்டை ஆங்கிலக் குடும்பத்துக் குழந்தைகளிடம் வைத்துச் சோதித்தார்கள். ஒலி மாறும்போது தலையைத் திருப்பினால் ஒரு பொம்மை ஒளிர்ந்து ஆடும். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் சரியாகத் தலையைத் திருப்பின. பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் மிகச் சிலரே திருப்பினார்கள். 1984இல் வெளிவந்த இந்த ஆய்வு சொன்ன சேதி இதுதான்: எந்த மொழிக்கும் தயாராகப் பிறக்கும் காது, முதல் பிறந்தநாளுக்குள் சுற்றியிருக்கும் மொழிக்கெனத் தன்னைக் குறுக்கிக்கொள்கிறது. ல, ள, ழ மூன்றையும் நாவில் கொண்டுவரக் குழந்தைக்கு வருடங்கள் ஆகலாம். அவற்றைக் காதில் பிரித்து வைக்கும் வேலை நாம் கொஞ்சிக்கொண்டிருக்கும்போதே நடந்துகொண்டிருக்கிறது.

பருப்பு கடையும்போது நடப்பது

நம் ஊரில் அநேகமாக எல்லோருக்கும் தெரிந்த ஒரு விளையாட்டைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். குழந்தையின் உள்ளங்கையை விரித்து, அதை இன்னொருவர் முழங்கையாலோ விரலாலோ மத்துப் போலக் கடைவது. கடைந்த பருப்பை ஒவ்வொரு விரலாக மடக்கியபடி ஒவ்வொருவருக்கும் பங்கு வைப்பது. பிறகு இரண்டு விரல்கள் நண்டாகிக் குழந்தையின் கையில் மெல்ல ஏறத் தொடங்கும். அக்குளில் போய்க் கிச்சுகிச்சு மூட்டும்.

முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகாத இந்த ஆட்டத்தில் எத்தனை பாடங்கள்! கடையும் அசைவும் பாட்டின் தாளமும் ஒரே நேரத்தில் விழுகின்றன. காதுக்கு வரும் தாளம் தோலுக்கும் வருகிறது, கண்ணுக்கும் தெரிகிறது. மூன்று புலன்களும் ஒரே சேதியைச் சொல்லும்போது குழந்தையின் கவனம் சிதறுவதில்லை. பங்கு வைக்கும்போது அம்மாவுக்கு, அப்பாவுக்கு, தாத்தாவுக்கு, அத்தைக்கு என்று ‘க்கு’ திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. முன்னால் இருக்கும் பெயர் மாறுகிறது, பின்னால் இருக்கும் உருபு மாறுவதில்லை. நான்காம் வேற்றுமையை இதைவிடத் தெளிவாக எந்த வகுப்பிலும் நடத்த முடியாது. பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டும்போது ‘அம்மாக்கு’, ‘பாப்பாக்கு’ என்று தாமாகவே ஒட்டிப் பேசத் தொடங்குவதற்குப் பின்னால் இப்படிக் கேட்ட ஆயிரக்கணக்கான ‘க்கு’கள் இருக்கின்றன.

நண்டு ஏறும் கட்டம் இன்னும் முக்கியமானது. முதல் சில தடவை, கிச்சுகிச்சு மூட்டிய பிறகுதான் குழந்தை சிரிக்கும். பழகிய பிறகு நண்டு முழங்கையைத் தாண்டும்போதே சிரிப்பு வந்துவிடும், தோள் குறுகும். வரப்போவது குழந்தைக்கு முன்பே தெரிந்துவிட்டது. மொழி கற்பதன் பெரும்பகுதி இந்த முன்கூட்டிய ஊகத்தில்தான் அடங்கியிருக்கிறது. ‘தண்ணி’ என்று கேட்டதும் ‘குடி’ வரும் என்று மனம் தயாராவதும் இதே வேலைதான்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சாவும் பெட்ரீஷியா கூலும் 2016இல் இதை அளந்து பார்த்தார்கள். ஒன்பது மாதக் குழந்தைகளில் ஒரு பிரிவினர் பெற்றோர் மடியில் உட்கார்ந்து மூன்று கதி இசைக்குத் தாளம் தட்டி விளையாடினார்கள். இன்னொரு பிரிவினர் இசையில்லாமல் பொம்மைகளோடு விளையாடினார்கள். தடவைக்கு 15 நிமிடமாக மொத்தம் 12 தடவை. பிறகு, ஓடிக்கொண்டிருக்கும் தாளத்தை இடையில் பிசகவிட்டு மூளையின் காந்தத் துடிப்புகளைப் பதிவு செய்தபோது, தாளம் தட்டிப் பழகிய குழந்தைகளின் மூளை அந்தப் பிசகைக் கூடுதலாகக் கவனித்தது. இசையில் மட்டுமல்ல, பேச்சொலியில் வைத்த பிசகையும்தான்.

இன்னொரு பலனும் உண்டு. மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு அவர்கள் கேட்டறியாத துருக்கி மொழியில் பாட்டும் பேச்சும் ஒலிபரப்பினார்கள். அழத் தொடங்கும் வரை கொஞ்சல் பேச்சு தாக்குப்பிடித்தது நான்கு நிமிடச் சொச்சம். பாட்டோ ஒன்பது நிமிடம். அழாமல் விழித்திருக்கும் நேரம்தான் குழந்தை கற்கும் நேரம். பாட்டு அந்த நேரத்தை நீட்டித் தருகிறது.

இதை வைத்து, கர்ப்பிணிக்கு மொசார்ட் இசை போட்டால் பிள்ளை மேதையாகும் என்ற வியாபாரத்துக்குப் போய்விடக் கூடாது. 1993இல் ‘மொசார்ட் விளைவு’ என்று பேர் வாங்கிய ஆய்வு கல்லூரி மாணவர்களிடம் நடந்தது. கண்ட பலன் கால் மணி நேரம்கூட நிற்கவில்லை. குழந்தைகளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கைபேசியால் முடியாதது

‘பாட்டுதானே, யூட்யூபில் போட்டுவிட்டால் சாப்பிடுகிறது’ என்பது இன்று எல்லா வீட்டிலும் கேட்கும் சமாதானம். பெட்ரீஷியா கூல் 2003இல் செய்த ஆய்வு இதற்கு நேரான பதில். அமெரிக்கக் குழந்தைகளுக்கு ஒன்பது மாதத்தில் சீன மொழியை அறிமுகப்படுத்தினார். ஒரு குழுவுக்குச் சீனர்கள் நேரில் வந்து, தரையில் உட்கார்ந்து, பொம்மை காட்டி, புத்தகம் படித்து 12 தடவை விளையாடினார்கள். இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள், அதே பொம்மை, அதே பேச்சு, ஆனால் டிவி திரையில். மூன்றாம் குழுவுக்கு ஒலி மட்டும். நேரில் விளையாடிய குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. மற்ற இரண்டு குழுக்களும் ஒன்றும் கற்கவில்லை. திரையைப் பார்த்த குழந்தைகள் ஆர்வமாகத்தான் பார்த்தன. கற்றல் மட்டும் நடக்கவில்லை.

காரணத்தின் ஒரு பகுதியை அதே ஆண்டு மைக்கேல் கோல்ட்ஸ்டைன் குழுவின் ஆய்வு விளக்கியது. எட்டு மாத வாக்கில் இருந்த குழந்தைகளின் தாய்மாருக்குக் காதில் கருவி மாட்டி, குழந்தை சத்தம் கொடுத்த உடனே சிரிக்கவும், நெருங்கவும், தொடவும் சொன்னார்கள். இன்னொரு குழுவில் அதே அளவு சிரிப்பும் தொடுதலும் இருந்தன. ஆனால் குழந்தையின் சத்தத்தோடு பொருந்தாத நேரங்களில். முதல் குழுக் குழந்தைகளின் மழலை சில நிமிடங்களிலேயே தேறியது. வெறும் உயிரொலியாக இருந்தது ‘ப’, ‘ம’ என்று மெய் சேர்ந்த அசைகளாக மாறியது. இரண்டாம் குழுவில் அந்த மாற்றம் இல்லை. அன்பின் அளவு இரண்டிலும் ஒன்றுதான். தன் சத்தத்துக்குத்தான் பதில் வந்தது என்று குழந்தைக்குத் தெரிவதே வித்தியாசத்தை உண்டாக்கியது.

கைபேசிப் பாட்டு நிற்பதில்லை. குழந்தை ‘ம்’ என்றாலும் ஓடுகிறது, சும்மா இருந்தாலும் ஓடுகிறது. இரண்டு வயதுக்கு முன் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னபோது கண் கெடும் என்ற பயம் அதன் அடிப்படை அல்ல. உட்கார்ந்தபடி திரை பார்க்கும் நேரம் ஓடியாடும் நேரத்தையும், தூங்கும் நேரத்தையும், ஆளோடு விளையாடும் நேரத்தையும் தின்றுவிடுகிறது.

சத்தமே போகாத இடத்தில்

முட்டுக்காட்டு நிறுவனத்துக்கு வரும் குழந்தைகளில் சிலருக்குக் காதும் கண்ணும் சேர்ந்தே குறைந்திருக்கும். அவர்களிடம் பாட்டு எப்படிப் போய்ச் சேரும்?

இதற்கு உலகம் முழுக்கக் கையாளும் வழி ஒன்றை நெதர்லாந்தின் யான் வான் டைக் 1960களில் வகுத்தார். கருவிலேயே ருபெல்லா தொற்றுக்கு ஆளாகிக் காதும் கண்ணும் பாதிக்கப்பட்ட குழந்தைகளோடு அவர் வேலை செய்தார். பயிற்சியாளர் குழந்தையை உடலோடு அணைத்து உட்கார வைத்து, அது ஆடினால் தானும் ஆடுவார். இருவரும் சேர்ந்து முன்னும் பின்னும் சாய்ந்தாடுவார்கள். ஆட்டம் பழகியதும் பயிற்சியாளர் நிறுத்திவிட்டு அசையாமல் இருப்பார். ‘இன்னும் ஆடு’ என்பதற்குக் குழந்தை தோளை நெளித்தோ, முதுகால் தள்ளியோ ஒரு குறிப்புக் கொடுக்கும். அந்தக் குறிப்பே அதன் முதல் சொல். அங்கிருந்து பொருள்களைத் தொட்டு அறிவதற்கும், சைகைக்கும், பேச்சுக்கும் வழி திறக்கிறது. சத்தம் முழுதாக விலகிப்போன இடத்திலும் தாளம், நிறுத்தம், காத்திருப்பு, பதில் என்ற நான்கும் அப்படியே நிற்கின்றன. மொழிக்கு அடித்தளம் இவைதான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

காது மட்டும் கேளாத குழந்தைக்கும் இது பொருந்தும். சைகை மொழி பேசும் பெற்றோரிடம் வளரும் செவித்திறனற்ற குழந்தைகள், மற்ற குழந்தைகள் வாயால் மழலை பேசும் வயதில் கையால் மழலை பேசுகின்றன என்று லாரா பெட்டிட்டோவும் பாவ்லா மாரன்டெட்டும் 1991இல் காட்டினார்கள். மொழிக்கு வாய்தான் வாசல் என்ற கட்டாயம் இல்லை.

ஆனால் தமிழகத்தில் செவித்திறன் குறைவோடு பிறக்கும் பெரும்பாலான குழந்தைகளின் பெற்றோர் காது கேட்பவர்கள். சைகை மொழி அறியாதவர்கள். அங்கே காலம் கடத்துவதுதான் பெரிய ஆபத்து. ஆயிரம் குழந்தைகளுக்கு ஒன்று முதல் மூன்று வரை குறிப்பிடத்தக்க செவித்திறன் குறைவோடு பிறக்கின்றன. நெருங்கிய உறவுக்குள் மணம் முடிக்கும் குடும்பங்களில் வாய்ப்பு இன்னும் அதிகம். காது கேளாத சிசுவும் முதல் சில மாதங்கள் மற்றக் குழந்தைகளைப் போலவே அழும், ‘ஆ’, ‘ங்கா’ என்று சத்தமிடும். அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. வித்தியாசம் தெரிவது ‘பபப’, ‘மமம’ என்று அசை அடுக்கும் மழலையில்தான். காது கேட்கும் குழந்தைகள் பத்து மாதத்துக்குள் இந்த நிலைக்கு வந்துவிடுவார்கள். கேளாமை கடுமையாக இருந்தால் அது பதினோரு மாதத்துக்குப் பிறகே வரும்.

பிறந்த ஒரு மாதத்துக்குள் காதுச் சோதனை, மூன்று மாதத்துக்குள் செவி நரம்பைச் சோதிக்கும் பெரா டெஸ்ட் எடுத்து உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட கணக்கு. ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்ட குழந்தைகள் பின்னால் கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் தெளிவாக முந்தியிருப்பதை அமெரிக்காவின் கொலராடோவில் நடந்த ஆய்வு 1998இலேயே காட்டியது. சென்னையில் 1969 முதல் இயங்கும் பால வித்யாலயா, காது கேளாத மழலைகளுக்கு மிக இளம் வயதிலேயே பயிற்சி தொடங்குவதைத் தன் முறையாக வைத்திருக்கிறது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு. ஆனால் அறுவை சிகிச்சை ஒலியைத்தான் உள்ளே அனுப்பும். அதை மொழியாக மாற்றுவது பாட்டும் விளையாட்டும் பேச்சும் கலந்த மாதக்கணக்கான பயிற்சி.

‘ஆம்பளப் புள்ளைக்குப் பேச்சு லேட்டாத்தான் வரும்’, ‘அவங்க அப்பாவும் அஞ்சு வயசுலதான் பேசினாரு’ என்பவை கேட்க ஆறுதலாக இருக்கும். ஒரு வயதாகியும் கை நீட்டிக் காட்டாத, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தையையும், ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் வராத குழந்தையையும் இந்த ஆறுதலில் விட்டுவைக்கக் கூடாது. முதலில் காதைச் சோதிக்க வேண்டும்.

பிள்ளைத்தமிழின் மாதக் கணக்கு

நிப்மெட் இருக்கும் அதே முட்டுக்காட்டில்தான் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவும் இருக்கிறது. தென்னிந்தியாவின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பிய அருங்காட்சியகம். முற்றத்தைச் சுற்றி வாழ்ந்த அந்த வீடுகளில் ஒரு கைக்குழந்தையைச் சுற்றி எத்தனை வாய்கள் இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். தூளியை ஆட்ட ஒருத்தி, இடுப்பில் தூக்கி நிலா காட்ட ஒருத்தி, திண்ணையில் உட்கார்ந்து கால் மேல் வைத்து ஆட்ட ஒரு தாத்தா.

இந்த வாழ்க்கையைக் கவனித்துத்தான் தமிழ்ப் புலவர்கள் ஓர் இலக்கிய வகையையே அமைத்தார்கள். பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக்கிப் பாடியதில் கருக்கொண்ட பிள்ளைத்தமிழ், 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தரிடம் தனி நூலாக நின்றது. காப்பில் தொடங்கிச் செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று பத்துப் பருவங்கள். மூன்றாம் மாதம் முதல் இருபத்தொன்றாம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களை அவற்றுக்கு ஒதுக்கும் மரபும் உண்டு.

ஒன்பதாம் மாதத்துக்குரிய சப்பாணியில் குழந்தை இரு கையையும் சேர்த்துக் கொட்டுகிறது. இன்றைய வளர்ச்சி அட்டவணைகளும் கை தட்டுவதை ஒன்பது முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் வைக்கின்றன. பெரியவர் தட்டுவதைப் பார்த்துத் தானும் தட்டுவது முதல் உரையாடல். அம்புலியில் நிலவை விளையாட வரச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். விரல் நீட்டிய திசையில் குழந்தை பார்க்க வேண்டும். நிலவையும் பார்த்து, காட்டியவர் முகத்தையும் திரும்பிப் பார்க்க வேண்டும். இருவர் கவனமும் மூன்றாவது ஒன்றின் மேல் சேரும் இந்தத் திறன் இல்லாமல் பெயர்ச்சொல் எதையும் கற்க முடியாது. ‘நிலா’ என்பது எதன் பெயர் என்று தெரிய, சொன்னவர் எதைப் பார்க்கிறார் என்று தெரிந்தாக வேண்டும்.

இதை மருத்துவ அட்டவணையாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு காலை மடக்கி, இரு கையூன்றி, தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரைக்கு ஐந்தாம் மாதம் என்பது பெரும்பாலான குழந்தைகளுக்குக் கொஞ்சம் அவசரம்தான். ஆனால் ஒவ்வொரு பருவத்திலும் குழந்தையிடம் ஏதோ ஒன்று கேட்கப்படுகிறது. ஆடு, கொட்டு, முத்தம் தா, வா. குழந்தை செய்யும் வரை பாட்டு கேட்டுக்கொண்டே இருக்கிறது. குழந்தையைப் பதில் சொல்பவராக நடத்தும் பாட்டு இது.

யாருக்கு நேரம் இருக்கிறது?

செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. நாலைந்து பாட்டு போதும். புதிது புதிதாகத் தேட வேண்டாம். ஒரே பாட்டு திரும்ப வருவதுதான் குழந்தைக்கு வேண்டும். முகம் பார்த்துப் பாட வேண்டும். குரல் நன்றாக இல்லையே என்ற கூச்சம் வேண்டாம்; குழந்தைக்கு அது பொருட்டே இல்லை. வீட்டில் பேசும் மொழியிலேயே பாடலாம். இருளர் வீட்டுப் பேச்சானாலும், மீனவர் குப்பத்துப் பேச்சானாலும், தெலுங்கோ உருதோ ஆனாலும் சரி. பழகிய பின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்தி, மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். பெரியவர்களுக்குப் பத்து எண்ணிக்கை நீண்டதாகத் தோன்றும். கேட்டு, புரிந்து, உடலைத் தயார் செய்து பதில் தர அவ்வளவு நேரம் குழந்தைக்குத் தேவைப்படுகிறது.

இதற்குப் பொம்மையும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் ஒரு செலவு இருக்கிறது. 2017இல் திருத்தப்பட்ட சட்டப்படி தனியார் நிறுவனங்களில் வேலை பார்க்கும் தாய்க்கு ஊதியத்தோடு கிடைக்கும் மகப்பேறு விடுப்பு 26 வாரம். அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். ஏழாம் மாதம் தொடங்கும்போது, அதாவது குழந்தையின் மூளை எழுத்தொலிகளைப் பிரித்தறியத் தொடங்கி, ‘பபப’ என்று பதில் கொடுக்கத் தயாராகும் நேரத்தில், தாய் சிறுசேரியின் ஐடி நிறுவனத்துக்குத் திரும்பிப் போயிருப்பாள். தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாதம் கிடைக்கிறது. கோவளத்தில் மீன் கூடை தூக்கும் பெண்ணுக்கோ ஊதியத்தோடு விடுப்பு என்று எதுவும் இல்லை. அங்கன்வாடிகளில் முன்பருவக் கல்வி தொடங்குவது இரண்டு வயதில். பிறந்தது முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கு மாதவாரியாக விளையாட்டுகளை வகுத்துத் தரும் ‘நவசேதனா’ என்ற வழிகாட்டியை மத்திய அரசு 2024இல் வெளியிட்டது. பயனுள்ள வழிகாட்டிதான், ஆனால் அதைச் செய்து காட்ட வீட்டில் ஆள் இருக்க வேண்டும்.

எனவே தாலாட்டைத் தாயின் கடமையாக மட்டும் வைத்திருக்க முடியாது. மாலையில் வீடு திரும்பும் அப்பா, பகலில் பார்த்துக்கொள்ளும் தாத்தா, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அக்கா, குழந்தைகள் காப்பகத்து ஆயா என்று எல்லோரும் பாட வேண்டியிருக்கிறது. காப்பகத்தில் ஓர் ஆயாவிடம் பதினைந்து குழந்தைகளை ஒப்படைத்தால் அவரால் பாட முடியும். ஒவ்வொரு குழந்தைக்காகவும் நிறுத்திக் காத்திருக்க முடியாது. ஒருவருக்கு எத்தனை குழந்தைகள் என்ற எண்ணிக்கையைக் குறைப்பது ஏதோ நிர்வாக விஷயம்போலத் தெரியும். மொழி அறிவியல் இதுவரை கண்டதை வைத்துப் பார்த்தால், முதலில் பணம் ஒதுக்க வேண்டிய இடம் அதுதான்.